லைப்போ சார்ஜர் வாங்கும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள்: பி6 நியோவும் மீன்வெல் 24 வோல்ட்டும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரோன், ரிமோட்டில் இயங்குகிற ஆர்சி விமானம், ஆர்சி கார் என்று லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியோடு புழங்குகிற ஒருவர் என்னிடம் கேட்டால் இன்றைக்கு நான் கைகாட்டுவது ஸ்கைஆர்சி பி6 நியோ சார்ஜரையும் மீன்வெல் எல்ஆர்எஸ்-350-24 பவர் சப்ளையையும்தான். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தப் பரிந்துரை. சார்ஜரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கிடக்கிற 12 வோல்ட் அடாப்டர் ஒன்றில் மாட்டப்போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்கவே வேண்டாம், பழைய 50 வாட் சார்ஜரே அதே வேலையைச் செய்துவிடும். நம் ஆட்கள் சார்ஜரைப் பற்றி நாள்கணக்கில் பேசுவார்கள், அதற்குச் சோறு போடுகிற பெட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் பவர் சப்ளை பற்றியே இருக்கும்.

கடையில் முதலில் வருகிற கேள்வி "எத்தனை ஆம்பியர்?" என்பது. பெட்டியிலும் அதைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஆனால் பேட்டரி எவ்வளவு நேரத்தில் ஏறும் என்பதைத் தீர்மானிப்பது வாட். லைப்போ செல் ஒன்று நிறைந்தால் 4.20 வோல்ட். 3எஸ் பேக், அதாவது மூன்று செல்லைத் தொடராக இணைத்த பேட்டரி, 12.6, 4எஸ் 16.8, 6எஸ் 25.2. 1சி-யில் ஏற்றுவது என்றால் பேட்டரியின் கொள்ளளவு எத்தனை ஆம்பியர்-மணியோ அத்தனை ஆம்பியர், அதாவது 2200 எம்ஏஎச் பேக்குக்கு 2.2 ஆம்பியர். இந்த இரண்டு எண்களையும் பெருக்குங்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் வைத்திருக்கிற 3எஸ் 2200 பேக்குக்கு 28 வாட் போதும். 4எஸ் 5000 என்றால் 84 வாட். 6எஸ் 5000 என்றால் 126 வாட். இப்போது 50 வாட் சார்ஜரில் அந்த 6எஸ் 5000 பேக்கை மாட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சார்ஜரின் முகப்பில் 6 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், நீங்களும் 5 ஆம்பியர் என்று வைத்துவிடுவீர்கள், ஆனால் திரையில் 2 ஆம்பியரைத் தாண்டாது, ஏனென்றால் 50-ஐ 25-ஆல் வகுத்தால் வருவது அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆக வேண்டியது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். சார்ஜர் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அதில் பழுது எதுவும் இல்லை, அதன் சக்தியே அவ்வளவுதான்.

பெட்டியின் மேல் இருக்கிற வாட் எண்ணிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சுவர் பிளக்கில் நேராக மாட்டலாம் என்று விற்கப்படுகிற சார்ஜர்களுக்கு இரண்டு எண்கள் இருக்கும்: சுவரின் ஏசி மின்சாரத்தில் தருவது ஒன்று, பவர் சப்ளையோ பேட்டரியோ தருகிற டிசி மின்சாரத்தில் தருவது இன்னொன்று. பெரிய எழுத்தில் இருப்பது டிசி எண். ஐஎஸ்டிடி 608ஏசி இதற்கு நல்ல உதாரணம். 200 வாட் என்று பெயர், ஆனால் சுவர் பிளக்கில் மாட்டினால் 50 வாட், வெளியிலிருந்து டிசி கொடுத்தால்தான் 200. ஒரே நேரத்தில் இரண்டு பேக் ஏற்றுகிற ஹோட்டா டி6 ப்ரோ இரண்டு சேனலுக்கும் சேர்த்து 650 வாட், அதுவும் டிசி-யில், சுவர் பிளக்கில் இரண்டுக்கும் சேர்த்து 200. இதைக் கம்பெனிகள் மறைக்கவில்லை, விவரப் பட்டியலில் எழுதித்தான் இருக்கிறது. விற்பனைப் பக்கத்தின் தலைப்பில் பெரிய எண் மட்டும் வருகிறது, வாங்குகிறவர் அதோடு நின்றுவிடுகிறார். "ஏசி வாட் எவ்வளவு?" என்று தனியாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடையில் இதைப் பற்றி வேறு எதையும் கேட்டுப் பயனில்லை.

சரி, பி6 நியோ. கையளவுப் பெட்டி. 1 முதல் 6 செல் வரை, அதிகபட்சம் 10 ஆம்பியர், டிசி உள்ளீட்டில் 200 வாட். உள்ளீடு 10 வோல்ட்டிலிருந்து 28 வோல்ட் வரை தாங்கும். லைப்போ, 4.35 வரை ஏற்றுகிற எல்ஐஎச்வி, லித்தியம் அயான், லைஃபெ, பழைய நிக்கல் பேட்டரிகள் என்று எல்லா வகையும் மெனுவில் உண்டு. வண்ணத் திரையில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் தனித்தனியாகத் தெரிகிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது டைப்-சி உள்ளீடு. பிடி (பவர் டெலிவரி என்கிற டைப்-சி-யின் பொதுவான வேக சார்ஜ் முறை) வசதி உள்ள லேப்டாப் சார்ஜரிலேயே ஓடும், அந்த வழியில் 80 வாட் வரை. புதிதாக ஆரம்பிக்கிற கல்லூரி மாணவர்களுக்கு இது பெரிய உதவி. வீட்டில் ஏற்கெனவே 65 வாட் டைப்-சி லேப்டாப் சார்ஜர் இருந்தால் பவர் சப்ளை வாங்காமலேயே 3எஸ், சின்ன 4எஸ் பேக்குகளை நிம்மதியாக ஏற்றலாம். பேட்டரி எண்ணிக்கை கூடும்போது 24 வோல்ட் சப்ளையை வாங்கிக்கொள்ளலாம், சார்ஜரை மாற்ற வேண்டியதில்லை.

டைப்-சி வழியில் போகிறவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். போனோடு வந்த வேக சார்ஜர் 67 வாட், 80 வாட் என்று சொன்னாலும் அது அந்தக் கம்பெனியின் சொந்த முறையில்தான் அவ்வளவு கொடுக்கும், பிடி முறையில் கேட்டால் மிகக் குறைவாகத் தரலாம். சார்ஜரின் அடியில் சின்ன எழுத்தில் 20 வோல்ட் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நல்லது. அடுத்தது கேபிள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியரோடு நின்றுவிடும், 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளே அடையாளச் சில்லு வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். சார்ஜர் பாதிச் சக்தியில் ஓடுகிறது என்று புலம்புகிறவர்களை நான் முதலில் கேட்பது கேபிளைப் பற்றித்தான்.

இனி முக்கியமான பகுதி.

பவர் சப்ளையில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று கேட்டால் என் பதில் 24, யோசிக்கவே வேண்டாம். 200 வாட் வெளியே வர வேண்டுமானால் சார்ஜருக்குள் இழப்பும் சேர்த்து 225, 230 வாட் உள்ளே போக வேண்டும். 12 வோல்ட்டில் அது 19 ஆம்பியர். 24 வோல்ட்டில் ஒன்பதரை ஆம்பியர். ஆம்பியர் பாதியானால் ஒயரில் சூடாக வீணாகிற சக்தி கால் பங்காகிவிடும், பிளக் சூடாவது குறையும், மெல்லிய ஒயரிலேயே வேலை முடியும். 6எஸ் பேக்குக்கு 25.2 வோல்ட் வேண்டும் என்பதால் 12-ஐ இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றுவதை விட 24-ஐக் கொஞ்சம் ஏற்றுவது சார்ஜருக்கும் எளிது. அதோடு, சிறிய சார்ஜர்கள் பலவற்றில் உள்ளீட்டு ஆம்பியருக்கென்று ஓர் எல்லை இருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் அந்த எல்லையை முதலில் முட்டிவிட்டு, பெட்டியில் போட்ட முழு வாட்டையும் தராமலேயே நின்றுவிடும்.

எல்ஆர்எஸ்-350-24 என்பது 24 வோல்ட், 14.6 ஆம்பியர், 350 வாட். ஓட்டை போட்ட தகரப் பெட்டி, எல்இடி விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் பார்த்திருப்பீர்கள், அந்த வகை. இதன் 12 வோல்ட் தம்பி 29 ஆம்பியர் தருகிறது. பி6 நியோவுக்கு 350 வாட் கூடுதல்தானே, 200 வாட் போதாதா என்று கேட்கலாம். எல்ஆர்எஸ்-200-24 தருவது 8.8 ஆம்பியர், 211 வாட். சார்ஜர் முழு வீச்சில் கேட்பது 225-க்கு மேல். போதாது. சார்ஜரின் மெனுவில் உள்ளீட்டு வரம்பைக் குறைத்து வைத்து ஓட்டலாம்தான், ஆனால் சென்னையில் மே மாதம் மதியம் ஒரு மணிக்கு எந்தப் பவர் சப்ளையையும் அதன் கடைசி வாட் வரை பிழிய நான் விரும்ப மாட்டேன். நாளைக்கு இரண்டு சேனல் சார்ஜர் வாங்கினாலும் 350 பயன்படும். விலை வித்தியாசம் அந்த நிம்மதிக்குத் தகும்.

இந்தப் பெட்டியை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் இது அப்படியே மாட்டிப் பயன்படுத்துகிற பொருள் இல்லை. ஒயர் கிடையாது, சுவிட்ச் கிடையாது. ஒரு பக்கம் திருகு முனைகள் வரிசையாக இருக்கும்: லைன், நியூட்ரல், எர்த், பிறகு மைனஸ் மூன்று, பிளஸ் மூன்று. 230 வோல்ட் வருகிற திருகும் 24 வோல்ட் போகிற திருகும் பக்கத்துப் பக்கத்தில், மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி மட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைத் திறந்தபடி மேசையில் வைக்கவே கூடாது. மரப்பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ செய்து, காற்றுப் போக இரண்டு பக்கமும் வழி விட்டு, மூன்று பின் ஒயர், சுவிட்ச், வெளியே எக்ஸ்டி60 பிளக் (ஆர்சி பேட்டரிகளில் வருகிற டிசி பிளக்) என்று முடித்துவிடுங்கள். மின்வேலை பழக்கமில்லாதவர்கள் தெருவில் இருக்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்துகொள்ளுங்கள், அரை மணி நேர வேலை. உள்ளே போகிற பக்கம் 230 வோல்ட்டில் சுமார் மூன்றரை ஆம்பியர்தான், அதனால் 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் போதும். சார்ஜருக்குப் போகிற ஒயருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், நீளத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஓட்டைக்குள் சிவப்புச் சுவிட்ச் ஒன்று தெரியும். 115-க்கும் 230-க்கும் மாற்றுவது அது. நம் ஊர் மின்சாரத்தில் அது 115-இல் இருந்தபடி பிளக்கைப் போட்டால் பெட்டி அந்த நொடியே போய்விடும். புதுப் பெட்டியாக இருந்தாலும் கடைக்காரர் உறுதி சொன்னாலும், மின்சாரம் கொடுப்பதற்கு முன் உங்கள் கண்ணால் பாருங்கள்.

எர்த் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். பழைய வீடுகளில் மூன்று பின் பாயிண்ட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தத் தகரப் பெட்டியைத் தொட்டால் விரலில் லேசாகச் சுரீர் என்று இருக்கும். உள்ளே இருக்கிற வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாக வருகிற சிறு கசிவு அது, எர்த் இருந்தால் அங்கே இறங்கிவிடும். அந்தச் சுரீர் தெரிந்தால் வீட்டின் எர்த் சரியில்லை என்று பொருள். முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள், பேட்டரி அப்புறம்.

மீன்வெல் வேண்டாம், வேறு வழி இல்லையா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. சிசிடிவி கடைகளில் கிடைக்கிற 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், அதாவது 60 வாட், பழைய 50 வாட் சார்ஜர்களுக்குச் சரியான ஜோடி. ஆனால் 5 ஆம்பியர் என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய இலேசான அடாப்டர்கள் சந்தையில் ஏராளம். இரண்டு, மூன்று ஆம்பியர் இழுத்ததும் வோல்ட் சரிந்து, சார்ஜர் கத்திவிட்டு நின்றுவிடும், இல்லையென்றால் அணைந்து அணைந்து எரியும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் ஐஎஸ் 13252 என்ற குறியும் அச்சிட்ட அடாப்டராக வாங்குங்கள். அந்தக் குறியையும் போலியாக அச்சிடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் அது கூட இல்லாததை வாங்க எந்தக் காரணமும் இல்லை.

பழைய லேப்டாப் அடாப்டர்கள் பெரும்பாலும் 19 வோல்ட் அல்லது 19.5 வோல்ட். 65 வாட், 90 வாட் நேர்மையாகக் கொடுக்கும், பாதுகாப்புச் சுற்றும் உள்ளே உண்டு. பி6 நியோவின் எல்லை 28 என்பதால் அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பழைய ஐமேக்ஸ் பி6, பி6 மினி இரண்டுக்கும் உள்ளீடு 11 முதல் 18 வோல்ட் வரைதான். "டிசி பின் பொருந்துகிறது, மாட்டிவிட்டேன்" என்று 19.5 வோல்ட்டைக் கொடுப்பவர்கள் எக்கச்சக்கம். சில நாள் ஓடும், பிறகு ஒரு நாள் ஓடாது. பின் பொருந்துவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், சார்ஜரின் அடியில் எழுதியிருக்கிற உள்ளீட்டு வோல்ட்டைப் படியுங்கள்.

சர்வர் பவர் சப்ளைகள் ஆர்சி விமானக்காரர்களிடம் நெடுநாளாகப் புழங்குகின்றன. எச்பி-யின் டிபிஎஸ்-1200எஃப்பி மாதிரிப் பெட்டிகள் 12 வோல்ட்டில் 230 வோல்ட் மின்சாரத்துக்கு 1200 வாட் வரை தரும், கழித்துப் போட்ட சர்வர்களிலிருந்து வருவதால் விலையும் குறைவு. ஒன்றைத் தனியாக 12 வோல்ட்டுக்குப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, மின்விசிறிச் சத்தத்தை வீட்டில் பொறுத்துக்கொள்வார்கள் என்றால். இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிற வித்தையைத்தான் வேண்டாம் என்கிறேன். இந்தப் பெட்டிகளில் மைனஸ் முனை உலோக உடம்போடும் எர்த்தோடும் இணைந்தே இருக்கும். இரண்டைத் தொடராக்க வேண்டுமானால் ஒன்றின் உள்ளே பிரித்து அந்த இணைப்பை வெட்டி, உடம்பைத் தனிமைப்படுத்த வேண்டும். 230 வோல்ட் ஓடுகிற உலோகப் பெட்டியின் பாதுகாப்பு இணைப்பில் கை வைக்கிற வேலை அது. நேராக 24 வோல்ட் தருகிற பெட்டி சந்தையில் கிடைக்கும்போது அது எதற்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மைதானத்துக்குப் போகிறவர்களுக்கும் அடிக்கடி மின்சாரம் போகிற ஊர்க்காரர்களுக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரியோ கார் பேட்டரியோ இந்தச் சார்ஜர்களுக்கு நேரடியான டிசி சப்ளைதான், நடுவில் இன்வெர்ட்டர் வழியாக 230 ஆக்கித் திரும்ப 12 ஆக்குகிற சுற்று வழி தேவையில்லை. சார்ஜர் மெனுவில் குறைந்தபட்ச உள்ளீட்டு வோல்ட் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை 11.5 அல்லது 12-இல் வையுங்கள். அப்போது கார் பேட்டரி அளவுக்கு மேல் இறங்குவதற்கு முன்பே சார்ஜர் தானாக நின்றுவிடும், வீட்டுக்குத் திரும்ப வண்டி ஸ்டார்ட் ஆகும். ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

பி6 நியோவின் அன்றாட வேலைக்குத் திரும்புகிறேன். ஐந்து அங்குல எஃப்பிவி ட்ரோன் (அதன் கேமரா காட்டுவதைப் பார்த்தபடி ஓட்டுவது) பறக்கவிடுகிறவர்களிடம் 6எஸ் 1300 பேக்குகள் பல இருக்கும், ஒவ்வொன்றாக ஏற்றினால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பல பேக்குகளைப் பக்க இணைப்பில் சேர்க்கிற பேரலல் போர்டில் நான்கைச் சேர்த்து மாட்டினால் சார்ஜருக்கு அது ஒரே 5200 எம்ஏஎச் பேக், 5.2 ஆம்பியர், 131 வாட். 24 வோல்ட் சப்ளையில் பி6 நியோ இதைச் சிரமமில்லாமல் முடிக்கிறது. 50 வாட் சார்ஜரில் இதே வேலை மூன்று மணி நேரத்தை நெருங்கும். பேரலலில் மாட்டும்போது எல்லாப் பேக்கும் ஒரே செல் எண்ணிக்கையாக இருக்க வேண்டும், செல்லுக்கு 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. நிறைந்த பேக்கையும் காலியான பேக்கையும் சேர்த்து மாட்டினால் சார்ஜரைக் கேட்காமலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும் மின்னோட்டம் பாயும். ஃபியூஸ் வைத்த போர்டாகப் பார்த்து வாங்குங்கள். ஊதிய பேக், கீழே விழுந்து அடிபட்ட பேக், சந்தேகமான பேக் எதையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

எப்போதும் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளந்து சமமாக்குகிற பேலன்ஸ் முறையிலேயே ஏற்றுங்கள். பேலன்ஸ் லீடை (ஒவ்வொரு செல்லிலிருந்தும் வருகிற மெல்லிய ஒயர்களின் பிளக்) மாட்டாமல் ஏற்றினால் சார்ஜருக்குத் தெரிவது மொத்த வோல்ட் மட்டும்தான். 3எஸ் பேக்கில் 12.6 என்று காட்டும்போது உள்ளே ஒரு செல் 4.3-இலும் இன்னொன்று 4.0-இலும் இருக்கலாம். லைப்போ தீ விபத்துகளுக்குப் பின்னால் இருக்கிற பெரிய காரணங்களில் ஒன்று இந்த அதிகப்படி ஏற்றம்.

குறை என்று பார்த்தால், கையளவுச் சார்ஜர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று டிஸ்சார்ஜ், அதாவது ஏற்றியதை இறக்குவது. சூட்டை வெளியே தள்ள அந்தச் சின்ன உடம்பில் இடமில்லை. மழைக் காலத்தில் இது நம்மை ரொம்பச் சோதிக்கும். சனிக்கிழமை ராத்திரி எல்லாப் பேக்கையும் நிரப்பி வைத்திருப்போம், விடிந்தால் வடகிழக்குப் பருவமழை கொட்டும், அடுத்த வாரமும் கொட்டும். நிறைந்த லைப்போவை அப்படியே வாரக்கணக்கில் வைத்தால் அதன் ஆயுள் குறைகிறது, ஊதவும் ஆரம்பிக்கும். செல்லுக்கு 3.80-இலிருந்து 3.85 வோல்ட் வரை இறக்கி வைக்க வேண்டும். பழைய ஐமேக்ஸ் பி6 டிஸ்சார்ஜ் செய்வது 5 வாட் வேகத்தில். 6எஸ் 5000 பேக்கை அதில் இறக்கினால் பத்து மணி நேரம் போல ஆகும். நான் செய்கிற வழி 24 வோல்ட் லாரி ஹெட்லைட் பல்பு. 70 வாட் பல்பில் 6எஸ் 5000 பேக் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடும், 6எஸ் 1300 பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில். பேலன்ஸ் லீடில் சின்ன வோல்ட் அலாரத்தை 3.8-இல் வைத்து மாட்டிவிட்டு, பல்பைத் தீப்பிடிக்காத இடத்தில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து போகக் கூடாது. 3எஸ், 4எஸ் பேக்குகளுக்கும் இதே லாரி பல்பு போதும், மங்கலாக எரியும், நேரம் கொஞ்சம் கூடும். 12 வோல்ட் பல்பை 4எஸ்-இல் மாட்டினால் ஃபிலமென்ட் தாங்காது.

பி6 என்ற பெயரில் வருகிற நகல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அதே நீலப் பெட்டி, அதே நான்கு பொத்தான். உள்ளே இருக்கிற அளவீட்டுத் துல்லியம்தான் சிக்கல். நல்ல மல்டிமீட்டரால் பேலன்ஸ் லீடின் பின்களில் ஒவ்வொரு செல்லாக அளந்து, சார்ஜர் காட்டுகிற எண்ணோடு ஒப்பிடுங்கள். 0.01, 0.02 வித்தியாசம் பரவாயில்லை. 0.05 என்றால் 4.20 என்று சார்ஜர் நினைக்கிற நேரத்தில் செல் 4.25-இல் இருக்கலாம், அந்தச் சார்ஜரை நான் என் வீட்டில் வைக்க மாட்டேன். உண்மையான பழைய பி6 இன்றும் நல்ல சார்ஜர்தான், 3எஸ்-ஓடு நின்றுவிடுகிறவர்களுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. பி6ஏசி வி2-வும் அப்படித்தான், 50 வாட், சுவர் பிளக் வசதி உள்ளேயே இருக்கிறது, வெளியில் பெட்டி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூட ரோபோ ஆய்வகம் மாதிரி இடங்களுக்கு நான் சொல்வது அதைத்தான், ஏனென்றால் அங்கே திறந்த திருகு முனை வைத்த பவர் சப்ளை இருக்கவே கூடாது.

ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பேக் ஏற்ற வேண்டும் என்கிறவர்கள் டூல்கிட்ஆர்சி எம்6டி-யைப் பாருங்கள், டிசி-யில் இரண்டு சேனல், மொத்தம் 500 வாட், சேனலுக்கு 15 ஆம்பியர் வரை. மேலே சொன்ன 350 வாட் சப்ளை அதன் முழுச் சக்திக்குப் போதாது, ஆனால் பெரும்பாலான வீட்டுத் தேவைக்குப் போதும், மெனுவில் உள்ளீட்டு வரம்பை மட்டும் சப்ளைக்கு ஏற்ற மாதிரி அமைத்துவிடுங்கள். ஒயர் வேலை எதுவும் வேண்டாம், பணம் கூடுதலானாலும் பரவாயில்லை என்றால் ஹோட்டா டி6 ப்ரோ. வீட்டில் சுவர் பிளக், மைதானத்தில் கார் பேட்டரி என்று இரண்டு பக்கமும் ஓடும். விவசாய ட்ரோன் வைத்திருப்பவர்கள் இந்த வரிசையை விட்டே வெளியே போக வேண்டும். 6எஸ் 16000 பேக் ஒன்றுக்கே 1சி-யில் 400 வாட், அதில் இரண்டு ஒரே ட்ரோனில் இருக்கும். அதற்கென்று தனிச் சார்ஜர்கள் இருக்கின்றன.

எந்தச் சார்ஜராக இருந்தாலும் ஏற்றுகிற இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மெத்தை, சோபா, புத்தக அலமாரி பக்கத்தில் வேண்டாம். தரையில் ஓடு அல்லது சிமெண்ட், அதன் மேல் பெரிய மண் பூந்தொட்டி ஒன்று, அதற்குள் பேட்டரி, பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். இறுக்கி மூடுகிற இரும்புப் பெட்டி வேண்டாம், உள்ளே புகை சேர்ந்தால் வெடிக்கும். பறந்து இறங்கிய பேக்கைச் சூட்டோடு மாட்டாதீர்கள், கையில் குளிர்ச்சியாகத் தெரியும் வரை ஆற விடுங்கள், கோடையில் இதற்கு நிறைய நேரம் பிடிக்கும். தூங்கும்போது ஏற்றக் கூடாது. இதில் எனக்கு விதிவிலக்கே கிடையாது.

சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கப் போகிறவர்கள் மல்டிமீட்டரையும் வீட்டில் ஏற்கெனவே அளந்து செல் வோல்ட் எழுதி வைத்த பேக் ஒன்றையும் எடுத்துப் போங்கள். பவர் சப்ளைக்கு மின்சாரம் கொடுத்து 24 வோல்ட் வருகிறதா என்று கடையிலேயே அளக்கச் சொல்லுங்கள், சார்ஜரில் உங்கள் பேக்கை மாட்டி அது காட்டுகிற எண்களை உங்கள் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும். சோதிக்க விடாத கடையாக இருந்தால் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.